ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா (இடுப்புப் பகுதி)
இளம் பிராயத்தினரின் எலும்புகளில், சிறப்பாக இடுப்பு மூட்டை அடுத்த தொடையெலும்பின் கழுத்தில் தோன்றும் இச்சிறு கட்டி புற்றுத்தன்மை அற்றது. 1935இல் ஹென்றி ஜாஃபே இதனைத் தனி வியாதியாக விவரித்தார். நள்ளிரவில் உறங்கவொட்டாமல் எழும் வேதனை ஆஸ்பிரின் மாத்திரையில் தணிந்துவிடுவதே இதன் பிரதான லட்சணம். வலி முழங்காலில் உணரப்படுவதும் உண்டாதலால், பிள்ளைகள் மாதக்கணக்கில் முழங்காலுக்கு வைத்தியம் பெற நேர்வது பரிதாபமே. கட்டியை அகற்ற, உடற்பாரத்தைத் தாங்கும் அக்கழுத்தைத் தோண்டினால் எலும்பு முறியும் அபாயம் இருப்பதால், பாஸ்டன் நகரில் டேனியல் ரோசென்தால் குழுவினர், சி.டி. ஸ்கேன் காட்டும் வழியே ஊசி செலுத்தி, ரேடியோ அலைகளால் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் வெப்பமூட்டி, சில நிமிஷங்களில் கட்டியைப் பொசுக்கும் முறையை 1992இல் வெளியிட்டனர். ஊசி கட்டியைத் தொடும் கணத்தில், மயக்கத்திலிருக்கும் நோயாளியின் நாடியும் மூச்சும் சட்டென விரைவதுண்டு. தோலில் எஞ்சுவது ஊசித்தழும்பு மட்டுமே. பலர் மறுநாளே நடமாடுகின்றனர்.