அமெரிக்கன் மாவும் அம்மம்மாவின் நீத்துப்பெட்டியும்: எமது குசினிகளின் நூறு ஆண்டுகள்

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் வரலாறு வரும். கட்டடங்களின் வரலாறும், வலைப்பந்தாட்ட அணியின் வெற்றிகளும், பழைய மாணவிகள் சங்கத்தின் செயலாளர்களின் பெயர்ப்பட்டியலும் வரும். ஆனால் இக்கல்லூரியில் படித்து வெளியேறிய பெண்களில் மிகப் பெரும்பாலானோர் தமது வாழ்நாளில் கூடுதலான நேரத்தைக் கழித்த இடத்தின் வரலாறு எந்த மலரிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. குசினியைத்தான் சொல்கிறேன். அந்தச் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. 'பாண்' என்பதும் அவ்வாறே. எனவே எமது அடுப்படிக்கு வெளியுலகம் வந்து போவது ஒன்றும் புதிதல்ல.

தாய் சேய் நலச் சிகிச்சை நிலையங்களில் பணியாற்றும் வைத்தியர் என்ற வகையில், தாய்மாரிடம் நான் ஒரு நாளைக்குப் பல தடவை கேட்கும் கேள்வி, "பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறியள்?" என்பது. கிடைக்கும் விடைகளில் குரக்கன் இருக்கும், கோதுமை மா இருக்கும், திரிபோஷா இருக்கும், பைக்கற் விசுக்கோத்தும் இருக்கும். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. சின்னப் பிள்ளையின் கோப்பையில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு தட்டுப்பாட்டின்போது அங்கு வந்து சேர்ந்தது. அதை அங்கே வைத்தவள் ஒரு தாய்.

சங்கம் தொடங்கிய காலத்துக் குசினியை முதலில் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீடுகளில் அது பெரும்பாலும் புறம்பான சிறு கட்டடம். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருவலை, சுளகு, பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டி. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல்லைப் புழுக்கிக் குத்திய அரிசி, குரக்கன், ஒடியல், பனங்கட்டி, முருங்கை இலை, கடற்கரைக் கிராமங்களில் மீன். பிள்ளைப் பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த கறியும் பால்சுறாவும். பிள்ளைக்கு முதற் பல் தெரிந்ததும், தேங்காய்ச் சொட்டைப் பல்லைப் போலக் குத்திய கொழுக்கட்டையை அவித்துத் தலையில் கொட்டுவார்கள். பிறகு குழைத்த சோறு, பால் விட்ட பிட்டு, உறைப்பில்லாத சொதி. சோறு 'தீத்துவது' அம்மாவின் வேலை மட்டுமல்ல. அம்மம்மா, அப்பம்மா, மாமி, அக்கா என்று எவர் கையில் பிள்ளை இருக்கிறதோ அவரே தீத்துவார்.

புழுங்கல் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற உயிர்ச்சத்து அரிசி மணிக்குள் இறங்கிவிடும். வெள்ளைப் பச்சையரிசி உண்ட நாடுகளில் பெரிபெரி நோய் பிள்ளைகளைக் கொன்ற காலத்தில் புழுங்கல் அரிசி அந்நோயிலிருந்து காத்தது. எமது பாட்டிமார் இதை அறிந்து செய்யவில்லை, ஆனால் செய்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு 'அந்தக் காலத்தில் எல்லாம் நல்லாயிருந்தது' என்று பெருமூச்சு விட எனக்கு மனமில்லை. மலேரியா பெருகிய 1935ஆம் ஆண்டில் இலங்கையில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதை எட்டவில்லை. இன்று அந்த எண் 10க்கும் குறைவு. குரக்கன் கூழ் நல்லதுதான். ஆனால் இந்த எண்ணை இறக்கியவை கிணற்று நீரைக் கொதிக்க வைத்ததும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், சைக்கிளில் வீடு வீடாக வந்த மருத்துவமாதுக்களும், எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மாரும்தான். கடைசியாகச் சொன்னதில் எம்முடையதைப் போன்ற பெண் பாடசாலைகளுக்கு இருக்கும் பங்கை நாம் அடக்கத்தோடு கூடச் சொல்வதில்லை.

1942 எமது குசினியை மாற்றிய ஆண்டு. அதுவரை இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் றங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசிக்கு அரசாங்கம் பங்கீடு கொண்டுவந்தது. கூப்பன் என்ற சொல் அன்று எம் மொழிக்குள் வந்தது. அதன் பின்னால் கூப்பன் கடையும் கூப்பன் அரிசியும் வந்தன. அரிசி போதாத இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்த இந்த வெள்ளை மாவுக்கு எம்மவர் வைத்த பெயர் 'அமெரிக்கன் மா'. அரிசி மாவிலிருந்து வேறுபடுத்த அந்தப் பெயரே போதுமாயிருந்தது.

இப்போது அந்தத் தாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். பெட்டி நிறைய மா இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. பாண் போட வீட்டில் போறணை இல்லை. அரிசி மாவைப் போலப் பிட்டுக்குக் குழைத்தால் பசையாகக் கையில் ஒட்டும். இடியப்ப உரலில் போட்டால் பிழிபடாது. பிள்ளைகள் பசிக்குது என்று அழுகின்றன. யார் முதலில் கண்டுபிடித்தாரோ தெரியாது, அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் எங்கள் தீவு முழுவதும் பரவிய ஒரு வழியை யாரோ ஒரு பெண் கண்டுபிடித்தாள். மாவைத் துணியில் கட்டி முதலில் ஆவியில் அவிப்பது. அவித்த மா கட்டியாக வரும். சூடு ஆறமுன் உடைத்து, அரிதட்டில் அரித்து, அதற்குப் பிறகே தண்ணீர் விட்டுக் குழைப்பது.

இதன் இரசாயனம் மிக எளிது. கோதுமையில் குளுட்டன் என்ற புரதம் உண்டு. பச்சை மாவில் தண்ணீர் பட்டால் அது இழுபட்டு ஒட்டும். பாணுக்கு அந்த இழுவை வேண்டும், பிட்டுக்கு வேண்டாம். முன்கூட்டியே அவித்தால் அந்தப் புரதம் இறுகிவிடும். மா அரிசி மாவைப் போலப் பணிந்துவிடும். ஆய்வுகூடமின்றி, தராசின்றி, அடுப்படியில் நடந்த இந்தப் பரிசோதனையை நான் மருத்துவக் கல்லூரியில் படித்த பல பரிசோதனைகளுக்கு மேலாக மதிக்கிறேன். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் எம் சகோதரிகள் பிள்ளைகளுக்கு 'எங்கட பாரம்பரியச் சாப்பாடு' என்று சொல்லி அவித்த மாப் பிட்டைத் தீத்துகிறார்கள். அந்தப் பாரம்பரியம் பிறந்தது ஓர் உலகப் போரில். அதனால் அது பொய்யாகிவிடாது என்பது என் கருத்து.

மாவுக்கு ஒரு விலையும் இருந்தது. கல்சியம் மிகுந்த குரக்கன் மெல்ல மெல்லப் பின்னால் போனது, குத்தரிசியும் குறைந்தது. காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவில் மாப் பிட்டு என்ற பழக்கத்தின் கணக்கை இன்று நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

1953இல் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். வரலாற்றுப் புத்தகத்தில் இது அரசியல் அத்தியாயம். ஆனால் ஒரு கொத்து அரிசியைக் கொண்டு எத்தனை வாய்க்குக் கஞ்சி வைக்கலாம் என்ற கணக்கைப் பார்த்தவர்கள் யார் என்று அந்தப் புத்தகம் கேட்பதில்லை.

இந்தக் காலங்களில் பாடசாலை என்ன கற்பித்தது? 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையிலிருந்து, பெண் கல்வியும் தையலும் சமையலும் எமது மண்ணில் ஒன்றாகவே வந்தன. பிற்காலத்தில் மனையியல் பாடமானது. எங்கள் மனையியல் கொப்பியில் கஸ்டர்ட்டும் புடிங்கும் படம் கீறி எழுதியிருந்தோம். வீட்டில் அவற்றை ஒருவரும் கண்டதில்லை. ஆனால் அதே கொப்பியில் புரதம், மாப்பொருள், உயிர்ச்சத்து என்ற பிரிப்பும், முட்டையை எந்த மாதத்தில் பிள்ளைக்குத் தொடங்குவது என்ற குறிப்பும் இருந்தன. ஓர் அட்டவணையை வாசித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. புடிங்கை மன்னித்துவிடலாம்.

1970களில் மீண்டும் தட்டுப்பாடு. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற தேர்தல் வாக்குறுதியின் பின்னர், பாண் வாங்க விடியுமுன் வரிசையில் நின்ற கதைகளை அம்மாமார் இன்றும் சொல்வர். வெங்காயம், செத்தல் மிளகாய் இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள் என்பது அக்கதையின் மறுபக்கம். ஒரே வீட்டில் வெங்காயம் விற்ற காசும் பாண் வரிசையும் சேர்ந்திருந்தன. மரவள்ளிக் கிழங்கு மாலைச் சாப்பாடானது. அதில் சயனைட்டாக மாறக்கூடிய பொருள் உண்டு. ஆகவே தோலை உரித்து, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். மரவள்ளி சாப்பிட்டால் இஞ்சி தொடாதே என்ற எச்சரிக்கை எல்லா வீட்டிலும் இருந்தது. குற்றம் இஞ்சியினுடையதல்ல, கிழங்கினுடையது. என்றாலும் அந்தப் பயத்தில் எந்த அம்மாவும் மரவள்ளியை அலட்சியமாக அவிக்கவில்லை.

அக்காலத்தில்தான், 1973இல், திரிபோஷாத் திட்டம் தொடங்கியது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அந்த மா கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் இலவசமாகக் கிடைத்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லோருக்கும் விருப்பம். அதனால் ஒரு பிள்ளைக்குத் தந்த பைக்கற் நாலு பிள்ளைகளுக்குப் பங்காகும். எம்மில் சில வைத்தியர்கள் இதற்காகத் தாய்மாரைக் கண்டிப்பதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நாலு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுக்கு மட்டும் கொடுக்கும் தாயை நான் இன்னும் காணவில்லை. ஒரு பைக்கற் கூடக் கொடுப்பதே வழி.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை. மண்ணெண்ணெய் தங்கமாகியது. ஜாம் போத்தலில் கொஞ்ச எண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரியைப் போட்டு எரித்த விளக்கில்தான் எங்கள் தலைமுறை படித்தது. அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கைச் சேமிப்பதற்காக அம்மா இரவுச் சாப்பாட்டைப் பொழுதுபடமுன் முடித்ததை யாரும் எழுதவில்லை. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி. மத்தியானம் மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் ஒரு சட்டியில் குழைத்து, வட்டமாக இருந்த எங்கள் கைகளில் ஒவ்வோர் உருண்டையாக வைப்பா. யாருக்கு எத்தனை உருண்டை என்பதை நாங்கள் எண்ணுவோம். தனக்கு எத்தனை என்று அவ எண்ணியதை நாங்கள் பார்க்கவில்லை.

தம்பி 1991இல் பிறந்தான். பால்மா கிடைப்பதும் கிடைக்காததும் கடலில் வரும் கப்பலைப் பொறுத்தது. அவனுக்கு இரண்டு வயது தாண்டும்வரை தாய்ப்பால்; அரிசியும் பயறும் வறுத்து இடித்த மாவில் கஞ்சி; முருங்கை இலை அவித்து மசித்த சோறு. ஒன்றுகூடல்களில் சிலர் "தடைக்காலத்துப் பிள்ளைகள்தான் திடமாக வளர்ந்ததுகள்" என்று பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வைத்தியராக அதை ஏற்க மாட்டேன். திடமாக வளராதவர்கள் ஒன்றுகூடலுக்கு வருவதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. தென்மராட்சியில் பாடசாலைகளும் கோயில்களும் அடுப்படிகளாயின. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கு ஜீவனிப் பைக்கற் இல்லாத இடத்தில் தாய்மார் உப்பிட்ட அரிசிக் கஞ்சியைக் கரண்டியால் பருக்கினார்கள். பல்கலைக்கழகத்தில் நீரிழப்புச் சிகிச்சை படித்தபோது, தண்ணீர், உப்பு, மாப்பொருள் மூன்றும் சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சும் என்ற பாடம் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டுமே கஞ்சியாயிருந்தது. அதை வரிசையில் நின்று வாங்கிப் பிள்ளைக்குப் பருக்கிய தாய்மாரில் பழைய மாணவிகளும் இருப்பார்கள். அவர்கள் இதைப் பற்றிப் பேச விரும்பும்போது பேசட்டும்.

2022இல் காஸும் பால்மாவும் இல்லாமற்போனபோது, சிறு குழந்தைகளுக்கான திரிபோஷா விநியோகமும் தடைப்பட்டது. சிகிச்சை நிலையத்துக்கு வந்த இளம் தாய் ஒருத்தி, விறகடுப்பு மூட்டத் தெரியாது, அம்மம்மாதான் காட்டித் தந்தா என்றாள். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். பயற்றங்கஞ்சி, முருங்கை இலை, நெத்தலிக் கருவாட்டை இடித்த தூள் என்றாள். "அம்மம்மா சொன்னவ, முந்தியும் இப்பிடித்தானாம்." அந்தப் பிள்ளையின் நிறை வளர்ச்சி அட்டையில் கோட்டுக்கு மேலேயே இருந்தது. அடுத்த கதிரையில் இருந்த பிள்ளையின் நிறை இறங்கியிருந்தது. அந்த வீட்டில் அம்மம்மா இல்லை, பயறு வாங்கக் காசும் இல்லை.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் பழைய கூப்பன் புத்தகம், மனையியல் கொப்பி, அம்மாவின் கையெழுத்தில் சமையல் குறிப்பு, பிள்ளையின் நிறை அட்டை எதுவாயினும் இருந்தால், அல்லது மூலப் பிரதியைத் தர மனமில்லையென்றால் ஒரு படமேனும் எடுத்து, கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை. எண்பது வயதைத் தாண்டிய அக்காமார் அருகில் இருந்தால், அவித்த மாவை அவர்களது வீட்டில் முதலில் யார் அவித்தது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள்.