குறுந்தகட்டைப் பெயர்த்தெழுதிய வரலாறு

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பனையோலை நெடுநாள் நிலைப்பதன்று. ஆகவே தலைமுறைதோறும் சுவடிகளைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுத வேண்டியிருந்தது. எழுதுவோன் விழிப்பாயிருந்தால் நூல் பிழைத்தது. அயர்ந்தால் பிழைகள் பெருகின. இத்தொல்லை ஓலையோடு ஒழிந்தது என்று எண்ணுவோர் பலர். ஒழியவில்லை. குறுந்தகட்டிலுள்ள இசையைக் கணினிக் கோப்பாக மாற்றுவதும் பெயர்த்தெழுதுவதே. எழுத்தாணி பிடித்த கைக்குப் பதிலாக மென்பொருள் அதனைச் செய்கின்றது. எந்த மென்பொருளை நம்புவது என்ற கேள்விக்கு விடை கண்ட வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

குறுந்தகடு 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் கூடி அதனை வகுத்தன. பழைய கிராமபோன் இசைத்தட்டில் ஒலியலையே வரிப்பள்ளமாகப் பதிந்திருந்தது. குறுந்தகட்டிலோ இருப்பவை எண்கள். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனியே நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, அவ்வளவுகளை எழுதி வைத்திருக்கின்றனர். எண்களாயிருப்பதால் நகல் எடுத்தால் சிறிதும் மாறாது என்றே அன்று எல்லோரும் நம்பினர்.

நம்பிக்கை பொய்த்த இடம் எது? தகட்டில் கீறலோ தூசியோ இருந்தால் சில எண்கள் படிக்கக் கிடைக்கமாட்டா. அவற்றை ஓரளவு மீட்கும் ஏற்பாடு தகட்டிலேயே உண்டு. அதற்கும் எட்டாத சேதமானால், இசைக்கும் கருவி முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து இட்டுக்கொள்ளும். கேட்பவர் காதுக்கு அது தெரியாது. தெரியாதிருப்பதே அதனை அமைத்தவர் நோக்கம். கேட்பதற்கு அது நன்மையே. ஆனால் நகல் எடுக்கும்போது அதுவே தீங்காகின்றது. ஓலையில் பூச்சி அரித்த சீரை, எழுதுவோன் தன் மனம்போல நிரப்பி, நிரப்பியதாக ஒரு குறிப்பும் வையாமல் விட்டதற்கு ஒப்பானது அது. கணினித் தகவல்களுக்கென அமைந்த தகடுகளில் பிழை காண மேலும் ஓர் அடுக்குக் காவல் உண்டு. இசைத் தகட்டுக்கு அக்காவல் இல்லை.

தொடக்கத்தில் இதனைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. அன்றைய கவலை இடத்தைப் பற்றியது. ஒரு மணி நேர இசைக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். 1990களின் நடுவில் வீட்டுக் கணினியில் அப்படி ஓரிரு தகடுகளுக்கே இடமிருந்தது. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தார் முன்னின்று உருவாக்கிய எம்.பி.3 முறை இத்தட்டுப்பாட்டைத் தீர்த்தது. 1995இல் அப்பெயர் பெற்ற அம்முறை, மனிதச் செவி கவனியாத ஒலிகளைத் துணிந்து நீக்கி, கோப்பைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருக்கிற்று. சுருக்கும் வேகமே மென்பொருளின் பெருமையாகப் பேசப்பட்டது. எட்டு நிமிடத்தில் முடிப்பது எது, ஐந்து நிமிடத்தில் முடிப்பது எது என்றே வாங்குவோர் கேட்டனர். நேர்மையாக எழுதுவது எது என்று கேட்டவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஆந்திரே வீத்தோஃப் என்னும் ஜெர்மானியர். 1998இல் அவர் வெளியிட்ட எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருள், தகட்டின் ஒவ்வொரு சிறு பகுதியையும் குறைந்தது இரு தடவை படிக்கும். இரண்டும் ஒத்தால் எழுதும். ஒவ்வாவிடில் மீண்டும் மீண்டும் படிக்கும். மிகச் சேதமான இடத்தை 82 தடவை வரை படித்துப் பார்க்கும். அப்படியும் தெளியாவிடில், இன்ன இடத்தில் ஐயம் என்று அறிக்கையில் குறித்துவிடும். சொந்த உபயோகத்துக்கு விலையில்லை; பிடித்திருந்தால் ஓர் அஞ்சலட்டை போடுங்கள் என்று மட்டும் ஆசிரியர் கேட்டுக்கொண்டார்! லினக்ஸ் கணினிகளுக்குக் கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி இயற்றிய சிடிபரனோயா இதே நெறியில் நடந்தது.

பின்னர் அக்யுரேட்ரிப் என்ற ஏற்பாடு தோன்றியது. ஒருவர் எடுத்த நகலின் கூட்டெண்ணை, அதே தகட்டை உலகின் பிற இடங்களில் நகலெடுத்தோரின் கூட்டெண்ணோடு அது ஒப்பிடுகின்றது. பலருடையது ஒத்திருந்தால் நம் நகல் சரி. இது நமக்குப் புதிதா? உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்குமுன் ஊரூராய்ச் சென்று சுவடிகள் தேடியது, ஒன்றோடொன்று வைத்துப் பிரதிபேதம் காண்பதற்கன்றோ?

ஆயினும் ஒற்றைச் சுவடிக்கு ஒப்பு நோக்க எதுவுமில்லை. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் இதுவே பெரிய கவலை. கிரிவலப் பாதைக் கடைகளில் விற்ற பக்திப் பாடல் தகடுகள் ஆயிரக்கணக்கில் அச்சானவை. ஒன்று கெட்டால் இன்னொன்று கிடைக்கும். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை எங்கள் மாவட்டத்து ஊர். கூத்தையும், திருவிழா நாகசுரத்தையும், பள்ளி ஆண்டுவிழாவையும் ஒலிநாடாவில் பதிந்து, 2000க்குப் பின் கடையில் கொடுத்துக் குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்ட குடும்பங்கள் இங்கு உண்டு. ஏற்றியபின் நாடாவை எறிந்தவர்களும் உண்டு. கடையில் எழுதிய அத்தகட்டில் ஒலி பதிந்திருப்பது ஒருவகைச் சாயத்தில். வெயிலும் வெப்பமும் பட்டால் அது வெளிறிவிடும். பாடியவர் பலர் மறைந்துவிட்டனர். இத்தகைய தகட்டை, மேலே சொன்ன மென்பொருளால், இரு வேறு படிக்கும் கருவிகளில் தனித்தனியே நகலெடுத்து ஒப்பிடுவதே வழி. இரண்டு நகலும் ஒத்தால் ஐயமில்லை. வேகமான மென்பொருளோ, ஊகித்து நிரப்பியதைச் சொல்லாமலே வேலை முடிந்தது என்று அறிவித்துவிடும்.

எந்த வடிவில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. 2001இல் வந்த ஃபிளாக் முறை ஓர் எண்ணையும் இழவாமல் கோப்பை ஏறத்தாழப் பாதியாக்குகின்றது. வேண்டும்போது மூல எண்கள் அப்படியே மீளும். இன்று இடத்துக்குப் பஞ்சமில்லையாதலால் எம்.பி.3ஐ வழிப்பயணத்துக்கு வைத்துக்கொண்டு ஃபிளாக்கைப் பெட்டகத்துக்கு வைக்கலாம். நம் சங்கீதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்குமிடத்தில் தகடு இரண்டாகப் பகுத்திருக்கும், எம்.பி.3 கோப்பின் ஓரங்களில் சிறு மௌனம் சேர்வதால், பல கருவிகளில் சுருதி அங்கே ஒருகணம் அறுகின்றது. ஃபிளாக்கில் அக்குறை இல்லை.

பெயரிடுவதிலும் இடர் உண்டு. இம்மென்பொருள்கள் முதன்மையாகக் கேட்பவை பாடகர், தொகுப்பு, பாட்டு போன்றவை. இராகம், தாளம் ஆகியவற்றுக்கு நாமே இடம் தேடவேண்டும். பழைய தனி எழுத்துருக்களில் இட்ட தமிழ்ப் பெயர்கள் வேறு கணினியில் வெறும் கிறுக்கலாய்த் தோன்றின. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது; அதனை ஏற்காத மென்பொருள் நமக்கு உதவாது.

இப்போது விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு படிக்கும் கருவியே இல்லை; தனியே வாங்கி யு.எஸ்.பி. வழியாக இணைக்கவேண்டும். நகல் முடிந்ததும் மென்பொருள் தரும் அறிக்கையை அழித்துவிடாமல், இசைக் கோப்போடு ஒரே உறையில் வைத்தல் நன்று. எந்த நொடியில் ஐயம் என்பது அதில்தான் எழுதியிருக்கும். அதே கூத்தின் வேறொரு தகடு பின்னாளில் எங்கேனும் அகப்பட்டால், ஒப்பிட வேண்டிய இடம் அதுவே.