காட்டுக்கு யார் காவல்? – 6
ஒற்றை மனிதர் ஆணையம்

முன்கதை: 1921-இல் மலாயாவின் மீன்பிடித் தொழிலை ஆராய ஆஸ்திரேலியாவிலிருந்து டேவிட் ஸ்டெட் வந்தார். கடலையும் கழிமுகத்தையும் அலசி அவர் எழுதிய அறிக்கை 1923-இல் சிட்னியில் அச்சாகி வெளிவந்தது. மீனுக்கு ஒரு விசாரணை நடந்து முடிந்தது. காட்டு விலங்குக்கு? அந்தக் கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

ராத்திரி மணி இரண்டு. லயத்து நாய்கள் ஒன்றாகக் குரைக்கத் தொடங்கினால் தோட்டத்து ஆட்களுக்கு விஷயம் விளங்கிவிடும். ஆளாளுக்குத் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தீப்பந்தம் எரியும். சத்தம் போட்டுத் தொண்டை கட்டிப்போகும். விடிந்ததும் கிராணி வந்து கணக்கெடுப்பார். நேற்று மாலை வரை வரிசையாக நின்ற ரப்பர் கன்றுகள் பிடுங்கி மிதிபட்டுக் கிடக்கும். தென்னங்கன்றாக இருந்தால் குருத்தை உரித்துத் தின்றுவிட்டு மட்டையை மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கும். யானை போன தடத்தில் மறுநாள் காட்டுப்பன்றி வந்து கிளறும். பன்றி விட்டுவைத்த தளிரை மான் மேயும்.

கிராணியின் கணக்கு துரையிடம் போகும். துரையின் கடிதம் அரசாங்கத்துக்குப் போகும். தோட்டக்காரர் சங்கங்களிலும் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் 1920-களில் ஓயாமல் எழுந்த கேள்வி இதுதான்: யானை முக்கியமா, ரப்பர் முக்கியமா?

மறுபக்கம் வேட்டைப் பிரியர்கள் நின்றார்கள். சட்டம் தளர்ந்தால் இன்னும் பத்து வருஷத்தில் சுடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது என்றார்கள். நடுவில் சுல்தான்கள். காடு அவர்கள் மண்ணில் இருந்தது. அதில் உலவும் விலங்கும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றே அரண்மனைகள் நினைத்தன.

இந்த மூன்று தரப்பையும் விசாரித்துத் தீர்வு சொல்ல 1930-இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. மலாயா வனவிலங்கு ஆணையம் என்று பெயர். ஆணையம் என்றால் தலைவர், உறுப்பினர்கள், செயலாளர் என்று ஒரு நீண்ட மேசை நம் கண்ணில் வரும். இந்த ஆணையத்தில் உறுப்பினர் ஒரே ஒருவர்தான். அவரும் சாதாரண ஆளில்லை. குற்றம் சாட்டிய தரப்பிலும் அவர் இருந்திருக்கிறார், குற்றம் சாட்டப்பட்ட தரப்பிலும் இருந்திருக்கிறார்.

யார் அவர்?

வேட்டைக்காரரே நீதிபதி

தியோடர் ஹப்பேக். லிவர்பூல்காரர். கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் குவிமாடங்களை நிமிர்ந்து பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். அதை வரைந்த கட்டடக் கலைஞர் ஏ. பி. ஹப்பேக்கின் உடன்பிறந்த தம்பி. அண்ணன் நகரத்தில் கல்லை அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் தம்பி காட்டுக்குள் செலாடாங்கைத் தேடி அலைந்தார். மலாயாக் காட்டெருமையான செலாடாங், காயம்பட்டால் திரும்பி வந்து தாக்கும் என்று பேரெடுத்த விலங்கு. யானை வேட்டையையும் செலாடாங் வேட்டையையும் பற்றி ஹப்பேக் எழுதிய புத்தகம் 1905-இல் வெளிவந்தது. நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்டமும் போட்டவர். ஆக, கன்று அழிந்த துரையின் வயிற்றெரிச்சல் அவருக்குத் தெரியும். யானையைக் குறிபார்த்தவனின் கை நடுக்கமும் தெரியும்.

காட்டில் பல வருஷம் அலைந்தபின் அவர் கட்சி மாறினார். பகாங்கில் ஊதியமில்லா வேட்டைக் காப்பாளராகப் பொறுப்பேற்றார். 1925-இல் குனோங் தாஹான் மலையைச் சுற்றியுள்ள காடு வேட்டை விலக்குப் பகுதியாக அறிவிக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதிகாரிகளுக்கு இவர் கடிதம் என்றாலே தலைவலி. சளைக்காமல் எழுதுவார், பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவார், பதில் வரும்வரை விடமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம் விசாரணையை ஒப்படைத்தது துணிச்சலா, தொல்லையைத் தட்டிக்கழிக்கும் தந்திரமா என்று அன்றைக்கே பேச்சு எழுந்திருக்கும். எதுவாக இருந்தாலும் ஹப்பேக் ஊர் ஊராகக் கிளம்பினார். தோட்டத் துரைகள், மாவட்ட அதிகாரிகள், வன இலாகாவினர், வேட்டைக்காரர்கள், ஊர்த் தலைவர்கள் என்று பலரிடமும் சாட்சியம் கேட்டார். கேள்வியும் பதிலுமாக எல்லாம் எழுத்தில் ஏறியது.

கேட்கக் கேட்க, யானை பின்னுக்குப் போய் வேறொன்று முன்னுக்கு வந்தது.

பயிரைக் காத்த துப்பாக்கி

அன்றைய வேட்டைச் சட்டத்தில் ஒரு நியாயமான விலக்கு இருந்தது. வேட்டையாட உரிமம் வேண்டும். ஆனால் பயிரை அழிக்கும் விலங்கை விவசாயி சுட்டுக்கொள்ளலாம். ஏழை விவசாயியின் வயிற்றுப்பாட்டை நினைத்து வைத்த விலக்கு. அதன் வழியாக நுழைந்ததோ இறைச்சி வியாபாரம். பயிர்க் காவலுக்கென்று வாங்கிய துப்பாக்கி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மானின் கண்ணைக் கூசவைத்துச் சுட்டது. காலையில் மானிறைச்சி சந்தைக்கு வந்தது. யாராவது கேட்டால், என் மரவள்ளியை மேய்ந்தது என்று ஒரே பதில்.

ஹப்பேக்கின் பார்வை இங்கே கூர்மையானது. விலங்கை அழிப்பது பசியுமில்லை, பயிர்ச் சேதமுமில்லை, விற்பனைதான் என்று அவர் கண்டார். காட்டு இறைச்சியை விற்கக்கூடாது என்று தடை போட்டால் பாதித் துப்பாக்கிகள் தாமாக ஓயும் என்பது அவர் வாதம்.

ஆனால் தடை போடுவது யார்? சிக்கல் அங்கேதான் இருந்தது. 1930-இல் மலாயா ஒரு நாடல்ல. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டரசு மலாய் மாநிலங்கள். ஜொகூர், கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் ஐந்தும் கூட்டரசில் சேராதவை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள். ஒரு மாநிலத்தில் தடை போட்டால், சுட்ட மானை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்கலாம். எல்லைக்கல் மனிதனுக்குத்தான், யானை பகாங்கில் தூங்கி ஜொகூரில் மேயும்.

ஒரே படித்துறை, எத்தனை அதிகாரம்?

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் இன்றைக்குப் பத்து பாகாட்டுக்குப் போய் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். சிம்பாங் கிரி ஆறும் சிம்பாங் கானான் ஆறும் கூடி, பத்து பாகாட் ஆறாகி, மலாக்கா நீரிணையில் கலக்கின்றன. மேலே நன்னீரில் ஊடாங் காலா இறாலுக்கு ஒருவர் தூண்டில் போடுகிறார். ஆற்று மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரம். அவரே படகை ஓட்டிக்கொண்டு கழிமுகத்துக்கு வந்து வலை விரித்தால் அது கூட்டரசின் அதிகாரம், 1985-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் அங்கே பேசும். வலையில் ஆமை சிக்கினால் விவகாரம் மறுபடி மாநிலத்துக்குத் திரும்பும். பக்கத்தில் முதலை தலை தூக்கினால் கூப்பிட வேண்டியது பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகாவை. அவர்கள் கையில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்.

இவை எதுவும் தவறி நேர்ந்த குழப்பமல்ல. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை இப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆமையும் ஆற்று மீனும் மாநிலப் பட்டியலில். கடல் மீனும் கழிமுக மீனும் கூட்டரசுப் பட்டியலில். காட்டு விலங்கும் பறவையும் தேசியப் பூங்காவும் இருவருக்கும் பொதுவான பட்டியலில்.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் சதுப்புக் காடு இருந்தது. 1893-இல் டத்தோ பெந்தாரா லுவார் முகமது சாலே இங்கே பண்டார் பெங்காரம் என்ற நகரை அமைத்தபின் வாய்க்கால் வெட்டி நிலம் மீட்கும் வேலை வேகம் பிடித்தது. பாரிட் ராஜா தொடங்கி இன்றும் ஊருக்கு ஊர் பாரிட் என்ற பெயர்கள் அந்த வாய்க்கால்களைத்தான் சொல்கின்றன. தென்னை, பாக்கு, ரப்பர் வந்தன. 1921 முதல் ஸ்ரீ மேடானில் ஜப்பானியர் தோண்டிய இரும்புத் தாது சிம்பாங் கிரி வழியாகப் படகில் இறங்கிக் கப்பலேறியது. கரையோரக் காடு குறையக் குறைய யானைக்கும் புலிக்கும் மிஞ்சிய திசை கிழக்கு மட்டும்தான்: குளுவாங், அதற்கப்பால் எண்டாவ்.

ஆகவே ஹப்பேக்கின் கேள்வி ஜொகூர் வாசலில் வந்து நிற்கப்போவது உறுதியாகிவிட்டது.

1932: இரண்டு சம்பவங்கள்

1932-இல் ஆணையத்தின் அறிக்கை சிங்கப்பூர் அரசாங்க அச்சகத்திலிருந்து மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதே ஆண்டில் பேராக்கில் ஒரு காண்டாமிருகம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சாதாரணக் காண்டாமிருகமல்ல, ஒற்றைக் கொம்புடைய ஜாவா இனம். அருங்காட்சியகத்தில் வைப்பதற்காகச் சுட்டார்கள். தீபகற்பத்தில் அந்த இனத்தின் கடைசி விலங்காக அறியப்படுவது அதுதான். காப்பாற்ற வழி சொன்ன அறிக்கையும் காப்பாற்ற முடியாமல் போனதற்கான சான்றும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

அறிக்கை என்ன கேட்டது? தீபகற்பம் முழுமைக்கும் ஒரே மாதிரியான சட்டம். அதை நடத்த ஒரே தலைமைக் காப்பாளரின் கீழ் முழுநேர இலாகா. காட்டு இறைச்சி வியாபாரத்துக்குத் தடை. விலங்குகளுக்கென்று ஒதுக்கிய காப்பகங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அதிகாரியும் ஓர் உத்தரவில் கலைத்துவிட முடியாதபடி சட்டத்தின் பலத்தோடு ஒரு தேசியப் பூங்கா.

பணம்? அங்கேதான் இடித்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை தரையைத் தொட்டிருந்தது. தோட்டங்களில் ஆள் குறைப்பு நடந்தது. வேலை இழந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். மனிதர்களையே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அரசாங்கம், மானுக்கும் யானைக்கும் புதிய இலாகா தொடங்குமா?

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. அப்போதைய ஹை கமிஷனர் சர் செசில் கிளமென்டி, கோலாலம்பூரில் குவிந்திருந்த அதிகாரத்தைப் பிரித்து மாநிலங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தில் முழு மூச்சாக இருந்தார். ஹப்பேக் கேட்டதோ எல்லா மாநிலத்துக்கும் மேலே ஒரே கை. ஆட்சி வடக்கே போனது, அறிக்கை தெற்கே இழுத்தது. மூன்று பாகமும் அலமாரிக்குப் போகும் என்று பலரும் முடிவு கட்டியிருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஹப்பேக்குக்கு ஒரே வழிதான் மிச்சம். மத்தியிலிருந்து கிடைக்காததை அரண்மனை அரண்மனையாகக் கேட்டுப் பெற வேண்டும். பகாங் அவருக்குப் பழக்கப்பட்ட இடம். ஆனால் ஜொகூர்?

புலிவேட்டை சுல்தான்

ஜொகூரில் அரியணையில் இருந்தவர் சுல்தான் இப்ராஹிம். 1895 முதல் ஆட்சி. பிரிட்டிஷாரின் பொது ஆலோசகரை 1914-இல் ஏற்கும்படி ஆனபோதும், தன் மாநிலத்தில் தன் சொல்தான் கடைசிச் சொல் என்று நிலைநாட்டப் பார்த்தவர். கூட்டரசில் சேர மறுத்த மாநிலத்தின் தலைவர், கூட்டரசு பாணியில் ஒரு வேட்டை இலாகாவை விரும்புவார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? போதாக்குறைக்கு அவர் மலாயாவின் பேர்பெற்ற புலிவேட்டைக்காரர்களில் ஒருவர்.

எல்லாக் கணக்கும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அறிக்கை வந்து அதிக காலம் கழியவில்லை. 1933-இல் எண்டாவ்–குளுவாங் வனவிலங்குக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூர் செய்யத் தயங்கியதில் ஒரு பங்கை, கூட்டரசுக்கு வெளியே நின்ற ஜொகூர் முந்திக்கொண்டு செய்தது. 1937-இல் சிகாமட்டிலும் ஒரு காப்பகம் வந்தது. பத்து பாகாட்டின் வாய்க்கால்களும் தோட்டங்களும் துரத்திய விலங்குகளுக்குக் கிழக்கே ஒரு கதவு திறந்தது.

வேட்டைக்காரர்கள்தான் காப்பகம் கேட்டார்கள், வேட்டைக்காரர்தான் கொடுத்தார். இதில் முரண் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. காடு காலியாகிறது என்பதை முதலில் உணர்ந்தவர்கள் அதற்குள் துப்பாக்கியோடு நடந்தவர்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை நாம் பார்த்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும் நீதிபதியும் காட்டுக்கு வெளியே வீடு உள்ளவர்கள். துரை பங்களாவில் இருந்தார். சுல்தான் அரண்மனையில் இருந்தார். நம் ஆட்கள் லயத்தில் இருந்தார்கள்.

வரைபடத்தில் கோடு கிழித்தாகிவிட்டது. இந்தக் கோட்டுக்குள் உரிமமின்றி வேட்டை கூடாது, பொறி கூடாது, விலங்கைத் தொடக்கூடாது என்று சட்டம் சொல்லும். ஆனால் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜாக்குன் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். ஊதுகுழலால் குரங்கை வீழ்த்தினார்கள். தூபா வேரை இடித்து ஆற்றில் கரைத்து மீன் பிடித்தார்கள். பிரம்பு அறுத்தார்கள். 1881-இல் வெளியான ஹெர்வி என்ற ஆங்கில அதிகாரியின் எண்டாவ் பயணக் கட்டுரையிலேயே அவர்களைப் பற்றிய பதிவு உண்டு. கோடு அவர்களுக்குப் பின்னால் வந்தது.

காப்பகத்தின் முதல் காவலாள் அந்த ஆற்றில் படகைத் திருப்பும்போது எதிர்ப்படப்போகிறவர் திருட்டு வேட்டைக்காரரா, அந்தக் காட்டின் குடிமகனா? சட்டம் அவரை எந்தப் பெயரால் கூப்பிடப்போகிறது?

(அடுத்த வாரம்: ஊதுகுழலுக்கு உரிமம் உண்டா?)