சிவப்பு வயரின் கதை
உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என்று மூன்றையும் படிப்பிக்கிறோம். நிறங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு பிரித்தானியாவில் சிவப்பு என்றால் உயிர்க்கம்பி. அதே காலத்தில் ஜேர்மனியில் சிவப்புதான் புவிக்கம்பி! அங்கிருந்து வந்த இஸ்திரிப்பெட்டிக்கு இங்கிலாந்துப் பழக்கத்தில் பிளக் பூட்டினால், அதன் இரும்பு உடம்பிலேயே கரண்ட் ஏறிவிடும். எவ்வளவு பயங்கரம் பாருங்கள்.

அதனால்தான் 1970ஐ ஒட்டி சாமான் வயர்களுக்குக் கபிலம், நீலம், பச்சை-மஞ்சள் கோடு என்ற பொதுமுறை வந்தது. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவருக்கும் அந்தக் கோடு தெரியும். பிரித்தானியச் சுவர்களுக்குள் அது நுழைந்ததோ 2004இல்தான்.

நம் பழைய வீடுகளிலும் அதே சிவப்பு, கறுப்புதான், கறுப்பு நொதுமல். புதுமுறை மூன்று பேஸ் கேபிளிலோ கறுப்பிலும் கரண்ட் ஓடும். பழைய வீட்டோடு புது அறை இணைத்தவர்கள், நிறத்தை நம்பாமல் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.