புது கார்ல ஆக்சிலரேட்டர் மிதிச்சா லேட்டா இழுக்குதா? சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன் இதைப் படிங்க!

மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, புது காரை வீட்டுக்கு ஓட்டி வரும் வழியிலேயே சிலருக்கு அந்தச் சந்தேகம் வந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. சிக்னலில் என்றால் பின்னாடி நிற்பவர் ஹாரன் அடிப்பதோடு போச்சு. ஆனால் இருவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்ய வலப்பக்கம் ஏறிய பிறகு, எதிரே பஸ் வரும்போது அந்த ஒரு நொடி வேற கதை.

ஏன் இப்படி?

பழைய கார்களில் பெடலிலிருந்து என்ஜினுக்கு கேபிள் போகும். மிதித்த உடனே த்ராட்டில் திறக்கும். இப்போது பெடலில் இருப்பது சென்சார். நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மைலேஜ், புகை அளவு எல்லாம் பார்த்து எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். ஈகோ மோடில் இருந்தால் இன்னும் மந்தமாகத் தெரியும். முதலில் அந்த பட்டனைப் பாருங்க, பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

சின்ன டர்போ என்ஜினில் இன்னொரு காரணம். வெளியேறும் புகையின் வேகத்தில்தான் டர்போ சுழல வேண்டும். பல கார்களில் 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம் தாண்டினால்தான் முழு இழுவை கிடைக்கும்.

அதிகம் புலம்புவது ஏ.எம்.டி ஓட்டுபவர்கள்தான். 2014-ல் மாருதி செலிரியோ மூலம் இந்தியாவுக்கு வந்த இந்த கியர்பாக்ஸ், அடிப்படையில் மேனுவல்தான். கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வேலையை உங்களுக்குப் பதில் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது, அவ்வளவுதான். கிளட்ச் விலகியிருக்கும் அந்த இடைவெளியில் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரத்துக்கு சக்தி போகாது.

என்ன செய்யலாம்?

ஓவர்டேக் செய்ய வெளியே வந்த பிறகு மிதிக்காதீங்க. லாரிக்குப் பின்னால், உங்க லேனில் இருக்கும்போதே மேனுவல் மோடுக்கு மாறி ஒரு கியர் குறைத்து, ஆர்.பி.எம் ஏறியதும் வெளியே வாங்க. ஏ.எம்.டி-யில் கியர் மாறும் நேரம் பார்த்து காலை லேசாகத் தளர்த்தினால் அந்த ஜெர்க்கும் குறையும். இதை முதலில் காலியான சாலையில் பழகிக்கொள்வது நல்லது. பெடலுக்கு அடியில் தடிமனான கூடுதல் மேட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்க. பெடல் முழுசாக இறங்காமல் அது தடுக்கும், சில சமயம் பெடலே சிக்கிக்கொள்ளும்.

கடைகளில் 'த்ராட்டில் கன்ட்ரோலர்' என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். கொஞ்சம் மிதித்ததை நிறைய மிதித்ததாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. என்ஜின் சக்தி ஒரு துளியும் கூடாது, டர்போ தாமதமும் கியர் இடைவெளியும் அப்படியேதான் இருக்கும். அதனால் வாரண்டியில் சிக்கல் வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எப்போ பயப்படணும்?

நேற்று வரை நன்றாக இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லை, என்ஜின் விளக்கு எரிகிறது, ஒரு வேகத்துக்கு மேல் ஏறவே மாட்டேங்குது என்றால் அது பழக்கப் பிரச்சனை இல்லை. பழுது. ஓரமாக நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் பேசுங்க.

"எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்ற பதில் வந்தால், அதே மாடல், அதே கியர்பாக்ஸ் உள்ள டெஸ்ட் டிரைவ் காரைக் கேட்டு வாங்கி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்க. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வண்டியின் சுபாவமே அதுதான். வித்தியாசம் தெரிந்தால், எந்த கியரில், எந்த வேகத்தில் பிரச்சனை வருகிறது என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு முறையும் நகல் வாங்கி வையுங்க. வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்குப் பின்னாடி சாட்சி இருக்காது.

அப்படியும் சரி செய்யவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் தரலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய கார் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.