ஒன்பது பேல் துணியும் ஒரு வம்சமும்

மங்கலம் பக்கத்துக் கொங்கு வேளாளர் வீடுகளில் பெண் பார்க்கப் பேச்செடுத்தால் முதலில் வருவது கூட்டம் எது, குலதெய்வம் எங்கே என்ற விசாரணைதான். நிலம் கைமாறியிருக்கும். காட்டு வேலையை விட்டுத் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்த் தலைமுறைகள் ஆகியிருக்கும். ஆனாலும் காணிக் கோயிலுக்கு வரி கட்டுகிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை. எழுதிய ஆவணம் இல்லாத வீட்டுக்கும் இந்த ஒரு நூல் அறுவதில்லை.

இந்த வாரம் நாம் தொடரப்போகும் வம்சத்துக்கும் வேர் ஒரு நிலத்தில்தான் இருக்கிறது. அது பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், இயால் என்ற மலைப்பகுதி. வேல்ஸ்காரர்கள் வெகுகாலம் நம்மைப்போலவே தகப்பன் பெயரைச் சேர்த்தே தங்கள் பெயரைச் சொன்னார்கள். பரம்பரைப் பெயர் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வழக்கம் பரவி, நிலையான குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது, இந்தக் குடும்பம் தன் நிலத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. அதுதான் யேல்.

அந்த வீட்டு வம்சாவளி 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸில் குடியேறிய ஆஸ்பர்ன் என்ற அயர்லாந்துப் பிரபுவில் தொடங்குகிறது. 1400-இல் ஆங்கில மன்னனை எதிர்த்துக் கிளர்ந்த ஓவைன் கிளிண்டூரின் தம்பி டியூடர் வழிப் பெண் ஒருத்தி அந்த வம்சத்துக்கு மருமகளாக வந்தாள் என்றும் அது சொல்கிறது. ராஜ ரத்தம் எங்களிடமும் உண்டு என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அந்த ஒரு திருமணம் போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன கதையிலும் ஒரு பெண்தான் திருப்புமுனை. செஸ்டர் நகரப் பிஷப்பின் மகள் ஆன் லாயிட், தாமஸ் யேலை மணந்து விதவையானவர். பிறகு தியாபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரை மறுமணம் செய்துகொண்டார். 1637-இல் ஈட்டன் குடும்பம் கப்பலேறியபோது முதல் கணவரின் பிள்ளைகளும் கூடவே போனார்கள். அடுத்த ஆண்டு நியூ ஹேவன் என்ற குடியேற்றம் உருவானது. அதன் முதல் ஆளுநர் ஈட்டன்.

அந்தப் பிள்ளைகளில் டேவிட் பாஸ்டனில் குடியேறினார். 1649-இல் அவருக்குப் பிறந்தவர்தான் எலிஹு யேல். மூன்று வயதுக் குழந்தையாக இங்கிலாந்துக்கு அழைத்து வரப்பட்டவர், பிறகு அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. அவர் வந்து சேர்ந்தது நம் சென்னைக்கு. 1672-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக, ஆண்டுக்கு 10 பவுண்டு சம்பளத்தில் கோட்டைக்குள் நுழைந்தார். புனித மேரி தேவாலயம் திறந்த 1680-இல், அங்கே நடந்த முதல் திருமணம் அவருடையது. மணப்பெண் கேத்தரின், கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. பிறந்த ஒரே மகன் டேவிட் சின்ன வயதிலேயே இறந்துபோனான். ஹின்மர்ஸ் கல்லறையிலேயே அவனையும் புதைத்தார்கள். சென்னையின் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உயர்ந்து நிற்கும் கூர்நுனித் தூண் அதுதான்.

1687 முதல் 1692 வரை யேல் சென்னையின் ஆளுநர். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கம்பெனி வாங்கியது அவர் காலத்தில். பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களைக் கம்பெனி கப்பலேற்றியதும் அந்த ஆண்டுகளில்தான். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்த கவுன்சிலில் யேலும் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்துப் பத்துப் பேருக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும், குலசாமி இருந்திருக்கும். தீவில் இறங்கிய பிறகு அவர்கள் பிள்ளைகள் எந்தக் கோயிலைச் சொல்லிப் பங்காளியைத் தேடியிருப்பார்கள்? யேலின் பெருமையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஊழல் புகாரில் பதவி போனது. அந்த இடத்துக்கு வந்த நதானியேல் ஹிக்கின்சனும் அமெரிக்காவில் பிறந்தவரே. சென்னை மாநகராட்சியின் முதல் மேயரும் அவர்தான். யேல் சொந்த வியாபாரத்தில், முக்கியமாக வைரத்தில், சேர்த்த பெருஞ்செல்வத்தோடு 1699-இல் லண்டன் திரும்பினார்.

ஆண் வாரிசு இல்லாத கவலை அங்கே பிடித்துக்கொண்டது. நியூ ஹேவன் இருக்கும் கனெக்டிகட்டில் தங்கிவிட்ட சித்தப்பா தாமஸ் வழியில் ஒரு பையனை வரவழைத்து வாரிசாக்க விரும்பினார். 1711-இல் லண்டனில் குடியேற்ற முகவராக இருந்த ஜெரமையா டம்மர் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. உறவைத் தேடும் பணக்காரர் என்று தெரிந்ததும், நியூ ஹேவனில் பணமில்லாமல் தவித்த ஒரு கல்லூரிக்காக டம்மரும் பாதிரியார் காட்டன் மாதரும் அவரை அணுகினார்கள். 1718-இல் யேல் அனுப்பியவை 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம், ஒன்பது பேல் சரக்கு. சரக்கில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். 1721-இல் அவர் இறந்தார். பெயரைத் தலைமுறைகளுக்குக் கடத்தியது சித்தப்பா தாமஸின் கிளை. யேல் பூட்டைக் கண்டுபிடித்த லைனஸ் யேல் அந்தக் கிளையில் வந்தவர்.

இப்படிக் கப்பலேறிய துணிக்கு, அந்தக் காலத்துச் சோழமண்டலக் கரையில் கம்பெனி வணிகர்களிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளரிடம் கொடுப்பார். குறித்த நீள அகலத்தில் துணி வர வேண்டும். பாவு நூலை வாங்கிவந்து கூலிக்கு ஓட்டிக்கொடுக்கும் மங்கலம், சோமனூர் தறிக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. கம்பெனியின் கணக்குகளில் காசி வீரண்ணா போன்ற பெருவணிகர்கள் பெயரோடு நிற்கிறார்கள். நெய்தவர்களுடைய பெயரோ பெரும்பாலும் இல்லை.

யேலின் பேல்கள் நியூ ஹேவன் போன அதே காலத்தில் சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூர் அருகே நெசவாளர் குடும்பங்களைக் குடியேற்றினார். ஊருக்கு அவர் பெயரே விழுந்தது, இன்று காலடிப்பேட்டை. அடுத்த வாரம் அந்தத் தெருக்களிலிருந்து தொடங்குவோம்.