கயிற்றில் ஒட்டிய மணலும் அணுகுண்டும்



சென்ற மாதம் ஒருநாள் இரவு கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்ததல்லவா? அன்று சி பிளாக் வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் போயிற்று. பிள்ளைகளுக்கு அது ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி, செந்தில் காட்சியில் பார்த்த சாமான், அவ்வளவுதான். அந்த மேண்டிலில் இருப்பது தோரியம் என்றேன். “சும்மா சொல்லாதீங்க சார், அது அணு உலை சமாச்சாரமாச்சே” என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. இந்தக் கட்டுரை அவருக்கான பதில்.

மேண்டில் என்பது தோரிய உப்பில் நனைத்த ஒரு வலைத்துணி. முதல் தடவை பற்றவைத்ததும் துணி எரிந்துபோய், தோரியம் ஆக்சைடு கூடு மட்டும் நிற்கும். பளீரென்று வெளிச்சம் தருவது அந்தக் கூடுதான். தொட்டால் உதிர்வதும் அதனால்தான். ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் இதைக் கண்டுபிடித்த பிறகு ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்கெல்லாம் மேண்டிலை நம்பி எரிந்தன. தோரியம் எடுக்க மோனசைட் என்ற மணல் வேண்டும். அது அப்போது பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். மோனசைட்! நாம் தட்டிவிட்டுப் போகும் தூசியிலிருந்து அவர் ஒரு தொழிலையே கண்டார். கயிறு வந்த வழியைத் தேடிவந்து குளச்சலுக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும், உளவாளி என்ற குற்றச்சாட்டில் அவரைக் கைது செய்தார்கள். ஆலை மூடப்பட்டது. பிறகு அந்த மணல் வியாபாரம் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று.

எண்பதுகளில் நாகர்கோவில் கிளைக்கு எனக்கு மாற்றல் வந்தபோது, சக ஊழியர் ஒருவர் அந்தக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கருப்பும் செம்பழுப்புமாக மணல். செருப்பில் ஒட்டியதை நானும் தட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இரண்டாம் உலகப் போரில் அதே மணலுக்கு வேறு மதிப்பு வந்தது. தோரியத்தை அணு உலையில் வைத்தால் யுரேனியம்-233 என்ற அணு எரிபொருளாக மாறும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் ரகசியமாகக் கண்டறிந்தார்கள். 1944 ஜூனில், அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து உலகத்து யுரேனியத்தையும் தோரியத்தையும் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ள ஓர் அமைப்பை உருவாக்கின. சொந்த மண்ணில் அதை மிதித்து நடந்த மீனவருக்கு இது எதுவும் தெரியாது.

எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்க ‘ஆல்சோஸ்’ என்ற உளவுக் குழுவையும் அமெரிக்கா ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பாரிஸ் விடுபட்டதும் அவர்களுக்கு ஒரு தகவல் கிடைத்தது. ஜெர்மனியின் ஆவர் நிறுவனம் பிரான்சிலிருந்த தோரியத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஹிட்லர் குண்டு செய்கிறாரா? ஒரே பதற்றம். தேடிப் பார்த்தால் காரணம் என்ன தெரியுமா? பற்பசை! போர் முடிந்ததும் தோரியம் கலந்த பற்பசை விற்கலாம் என்று அந்தக் கம்பெனி திட்டம் போட்டிருந்தது. குழுவின் விஞ்ஞானத் தலைவர் சாமுவேல் கவுட்ஸ்மிட் இதைப் பிறகு புத்தகத்திலேயே எழுதினார். 1944 கடைசியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் சிக்கிய காகிதங்கள், ஜெர்மனியிடம் குண்டே இல்லை என்று காட்டிவிட்டன. ஆனாலும் அமெரிக்காவின் குண்டு வேலை நிற்கவில்லை. 1945 ஆகஸ்டில் அது விழுந்தது ஜப்பான் மீது.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு மணலின் விலை எல்லோருக்கும் புரிந்தது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. காஞ்சிபுரம் தாண்டி வந்தவாசியில் பிறந்தவர். 1947-இல் பிரிட்டனுக்கு மோனசைட் தர அவர் ஒப்பந்தம் செய்தார். ஜூன் 11-ஆம் தேதி திருவிதாங்கூர் தனிநாடாகும் என்றும் அறிவித்தார். அந்தத் துணிச்சலுக்கு இந்த மணலும் ஒரு காரணம் என்பது வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது. ஜூலை 25-ஆம் தேதி அவரை ஒருவர் அரிவாளால் வெட்டினார். உயிர் பிழைத்தார். ஒரு வாரத்துக்குள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது.

1948-இல் அணுசக்திச் சட்டம் வந்தபோது, எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர், ஆக்க வேலைக்கும் ஏன் இத்தனை ரகசியம் என்று அவையில் கேட்டார். ஆக்கத்தையும் அழிவையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்பதாக நேரு பதில் சொன்னார். 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் நம் மாநிலத்துக்கு வந்தது. மணவாளக்குறிச்சி ஆலை இன்றும் அரசு நிறுவனமாக ஓடுகிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். மோனசைட்டில் தோரியத்தோடு நியோடிமியம் போன்ற அரிய உலோகங்களும் உண்டு. செல்போன் ஸ்பீக்கரிலும், அதிர்கிற குட்டி மோட்டாரிலும், மின்சாரக் கார் மோட்டாரிலும் இருக்கும் காந்தம் நியோடிமியத்தில் செய்வது. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் பலர் அந்தப் பொருட்களைத்தான் பூட்டி அனுப்புகிறார்கள். அதற்காக உலகம் மறுபடி மணலைத் தேடுகிறது. குமரிக் கடலோர ஊர்க்காரர்களோ, மணலை எடுத்தால் எங்கள் வீட்டுக்கும் தண்ணீருக்கும் உடம்புக்கும் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள்.

பேரேட்டோடு வாழ்ந்தவன் நான். வவுச்சர் இல்லாத பற்று எங்கே இருந்தாலும் அது ஒருநாள் யார் தலையிலாவது விடியும். விளக்குத் திரிக்கு மணல் தேடியவர் உளவாளியானார். பற்பசை அணுகுண்டாகத் தெரிந்தது. கணக்கை மூடி வைத்ததால் வந்த வினை இது. மணலை எடுப்பது சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் கேட்கும் கணக்கைத் திறந்து காட்டத்தான் வேண்டும். 1909-லிருந்து அவர்களுக்கு மட்டும்தான் அதைக் கடைசியில் சொல்கிறார்கள்.

அடுத்த லீவில் கன்னியாகுமரி போகிறவர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கி மணவாளக்குறிச்சி கரையையும் பார்த்துவிட்டு வாருங்கள். செருப்பைத் தட்டும் முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள்.